"எரியுது" என்று சொல்ல 2 வருஷம்

அண்ணியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதே, மத்ததெல்லாம் எழுது" என்றார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம். அண்ணிக்கு 53 வயது. அவருடைய ஆங்கிலம் கடைக்குப் போதும், டாக்டர் அறைக்குப் போதாது. அதனால் நான் துணை. முட்டிவலியைச் சொன்னார், தூக்கமில்லை என்றார். மருந்து எழுதி முடித்த டாக்டர், "வேறு ஏதாவது?" என்று கேட்டார். அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "அவர் பக்கத்துல வந்து படுத்தாலே உடம்பு விறைச்சுப் போகுது. ஆசையே போயிடுச்சுன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். டாக்டர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: வலிக்கிறதா?

"எரியுது." உடனே வந்தது பதில். மாதவிடாய் நின்றதிலிருந்து 2 வருஷமாக எரிந்திருக்கிறது. இடையில் வேறொரு கிளினிக்கில் வாயைத் திறந்தபோது, "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்களாம். அதோடு அண்ணி வாயை மூடிக்கொண்டார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்த ஒரு வரிமேல்தான்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுபோகும். ஒவ்வொரு முறையும் எரிந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அப்புறம் ஆசை எங்கிருந்து வரும்? இதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ இருக்கிறது. பொதுவாக முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு 2 முறை. ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கூடவே வழவழப்புக்கு ஜெல்லும் உண்டு. அண்ணிக்கு எரிச்சல் தீர இரண்டு மூன்று மாதம் ஆயிற்று, பயம் போக இன்னும் கொஞ்ச நாள்.

"ஆசை இல்லை" என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் பத்து விதமான தொந்தரவு. எது என்று பார்க்காமல் மருந்து தேடக்கூடாது. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளே ஆசையைக் குறைக்கும். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற முடியும், நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஹார்மோனே ஆசையை அடக்கி வைக்கும், வறட்சியும் வரும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இடுப்புத் தசை இறுகி வலிப்பவர்களுக்கு அதற்கென்றே பிசியோதெரபி இருக்கிறது. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து, சமைத்து, பிள்ளையின் பாடத்தைப் பார்த்து, 11 மணிக்குப் படுக்கும் பெண்ணுக்கு எந்த ஹார்மோனைக் கொடுப்பது? கணவர் பாத்திரம் கழுவட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசை முதலில் வந்து அப்புறம்தான் நெருக்கம் என்று எல்லாப் பெண்களுக்கும் இருப்பதில்லை. பலருக்கு, பேச்சும் தொடுதலும் இதமாகப் போகும்போதுதான் ஆசையே எழும். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-இல் இதைத் தெளிவாக எழுதினார். இது தெரியாமல் தன்னிடம் ஏதோ கோளாறு என்று எத்தனை பேர் அழுதிருப்பார்கள்!

மாத்திரை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவில் 2015-இல் ஃபிளிபான்செரின் அனுமதி பெற்றது. அப்போது அனுமதி மாதவிடாய் நிற்காத பெண்களுக்குத்தான், தினமும் இரவில் ஒன்று. மது குடித்துவிட்டுச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். 2019-இல் பிரெமெலனோடைட் ஊசி வந்தது. தேவைப்படும்போது 45 நிமிடம் முன்னால் போட வேண்டும், பலருக்குக் குமட்டும். இரண்டின் பலனும் சுமார்தான். மாதவிடாய் நின்றவர்களுக்குத் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் உதவும் என்று 2019-இல் உலகளவில் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து சொன்னார்கள். அளவு கூடினால் முகத்தில் முடி, பரு வரும், குரலும் மாறலாம். ஆகவே ரத்தப் பரிசோதனையோடுதான். மனம் சம்பந்தப்பட்ட காரணங்களுக்கு ஆலோசனை சிகிச்சையும் நன்றாகவே பலன் தருகிறது.

பேர் தெரியாத லேகியம், இணையத்தில் விற்கும் 'பவர்' மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். 2008-இல் இதே சிங்கப்பூரில் நடந்ததை மறக்க முடியுமா? பாலுணர்வு ஊக்க மாத்திரைகளில் சர்க்கரை நோய்க்கான மருந்து கலந்திருந்தது. சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை தாறுமாறாக இறங்கி, 150 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 4 பேர் இறந்தார்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவர்கள் ஆசை இல்லாததைக் குறைபாடு என்று சொல்ல வேண்டுமானால், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், அதோடு அந்தப் பெண்ணுக்கே அது வேதனையாக இருக்க வேண்டும். அவளுக்கு வருத்தமில்லை, உங்களுக்குத்தான் வருத்தம் என்றால் அவளுக்கு மருந்து தேடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். என் அண்ணன் அந்த 2 வருஷத்தில் ஒரு நாள் "வலிக்குதா?" என்று கேட்டிருந்தால்கூடப் போதும். இப்போது அவரே அதைச் சொல்லி வருந்துகிறார்.

தமிழில் இதைப் பேச நமக்கு வார்த்தை சட்டென்று வருவதில்லை, தெரியும். "எரியுது", "வலிக்குது", "மனசே வரல", "இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து இப்படி" என்ற அளவுக்குச் சொன்னாலே டாக்டருக்குப் போதும். முட்டிவலிக்குப் பிறகு சொல்லாமல், உட்கார்ந்ததும் முதலில் சொல்லுங்கள். மொழித்துணைக்கு ஆள் இல்லாத அக்காமார் யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை, நான் வருகிறேன்.