ஹீமோகுளோபின் இயல்பாக இருப்பது இரும்புச்சத்துக்குச் சான்றாகாது

ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) இயல்பாக உள்ள நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருக்க முடியாது என்றும், ஆகவே ஃபெரிட்டின் (இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) பரிசோதனை தேவையற்றது என்றும் சிலர் கூறுகின்றனர். அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்க விரும்புகிறேன்.

உடலில் இரும்பு குறையும்போது முதலில் கரைவது கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள சேமிப்பு. அதன் அளவை உணர்த்துவதே ஃபெரிட்டின். அந்தச் சேமிப்பு தீர்ந்து, புதிய சிவப்பணுக்களை உருவாக்கப் போதிய இரும்பு கிடைக்காத நிலை வந்த பின்னரே ஹீமோகுளோபின் சரியத் தொடங்குகிறது என்பதால், இரத்தசோகை தோன்றுவதற்கு முன்பே குறைபாடு நெடுநாள் மறைந்திருக்கக்கூடும். மாதவிடாயால் கூடுதல் இரும்பை இழக்கும் வீராங்கனைகள் இத்தகைய தவறான உத்தரவாதத்தை நம்பிவிடக் கூடாது என்பதே என் பெருங்கவலை.

இதை எவரும் சரிபார்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஃபெரிட்டின் வழிகாட்டுதல், நலமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழான அளவை இரும்புக் குறைபாடு என்கிறது. இரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் வரம்புகளோ தனியானவை. உங்கள் பழைய அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள்: வழக்கமான இரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இருக்கும், ஃபெரிட்டின் இருக்காது; அதைத் தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். காய்ச்சல், அழற்சி, கடும் போட்டி ஆகியவற்றை அடுத்து ஃபெரிட்டின் உண்மை நிலையைவிட உயர்ந்து தெரியலாம் என்பதால், ஓய்வெடுத்த நாளில் இரத்தம் கொடுத்து, முடிவை மருத்துவரிடம் காட்டிய பின்னரே இரும்பு மாத்திரையைப் பற்றி முடிவெடுங்கள்.