அன்னாள் தைத்த சட்டை

"வளர்ந்த பிள்ளைகளைக் கர்த்தர் கையில் விட்டுவிடுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்வதுண்டு. சரி, எப்படி விடுவது என்று கேட்கும் தாய்மாருக்கு நான் வேதாகமத்தில் 1 சாமுவேல் 2:19-ஐக் காட்டுவேன். பால்குடி மறந்த தன் மகன் சாமுவேலைக் கர்த்தருக்கென்று சீலோவிலிருந்த ஆலயத்தில் விட்டுவந்த அன்னாள், வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். பக்கத்தில் இல்லாத பிள்ளையின் தோள் இந்த வருஷம் எவ்வளவு அகன்றிருக்கும் என்று மனக்கணக்கில்தானே துணியை வெட்டியிருப்பாள்!

என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில் ஞாயிறுதோறும் போன் போட்டு, "ஆலயத்துக்குப் போனியா? என்ன பிரசங்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் போனை எடுப்பதே குறைந்துபோனது. அப்புறம் கேள்விகளை நிறுத்திவிட்டேன். ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. போன மாதம் அவனே கூப்பிட்டு, "அம்மா, நாளைக்கு இன்டர்வியூ, ஜெபம் பண்ணிக்கோங்க" என்றான்.