டான்யூப் கரையில் சைக்கிள்: மேடு ஏறாதவர்களோடு எனக்கு ஒரு சண்டை

டான்யூப் கரைப் பாதையில் சைக்கிள் விட்டுவந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "மேடே கிடையாது, சும்மா மிதிச்சுக்கிட்டே போகலாம்." பொய் இல்லை. ஜெர்மனியின் பாஸாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் நதி இறங்குவது 140 மீட்டர் அளவுக்குத்தான். நீரோட்டத்தின் போக்கிலேயே போகிறோம், காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து முதுகைத் தள்ளிவிடும். ஏழு வயதுப் பிள்ளையும் வரலாம், எழுபது வயதுத் தாத்தாவும் வரலாம். வருகிறார்கள்.

எனக்கு அந்தச் சுலபத்தோடுதான் சண்டை. சமதளம் ஆளை ஏமாற்றிவிடுகிறது. கால் பாட்டுக்கு மிதிக்கிறது, கண் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்க்கிறது, சாயங்காலம் பார்த்தால் அறுபது கிலோமீட்டர் போயிருக்கும், ஒன்றையும் பார்த்திருக்க மாட்டோம். இந்த நதிக்கரையில் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் பாதை ஓரத்தில் இல்லை. மேட்டில் இருக்கிறது.

முதல் தடவை நானும் தங்கையும் ஒரு சுற்றுலாக் கம்பெனியின் திட்டத்தில் போனோம். பெயர் வேண்டாம். ஐந்து நாள், ஐந்து விடுதி, நம் பெட்டி வேனில் முன்னால் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி போய்ச் சேர்ந்த ஊருக்கு நாமும் போய்ச் சேர்ந்தாக வேண்டும் இல்லையா? எங்கே நிறுத்தினாலும் "அக்கா, இன்னும் முப்பது இருக்கு" என்று அவள் கடிகாரத்தைக் காட்டினாள். இரண்டாம் தடவை பெட்டியும் இல்லை, திட்டமும் இல்லை. கேரியரில் இரண்டு பக்கப் பைகள், எட்டு நாள்.

அந்தச் சமதளம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் அது சைக்கிளுக்காகப் போட்ட பாதையே இல்லை, குதிரைக்காகப் போட்டது. அந்தக் காலத்தில் கீழ்நோக்கிப் போகும் படகை நீரோட்டமே கொண்டுபோய்விடும். மேல்நோக்கி வர வேண்டிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டிக் குதிரைகள் இழுத்தன, பெரிய படகு வரிசை என்றால் டஜன் கணக்கில் குதிரைகள். திரும்ப இழுத்துப்போவது கட்டுப்படியாகாது என்று, சரக்கை இறக்கிய கையோடு படகையும் மரவிலைக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. 1829இல் டான்யூப் நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியது. அதற்கப்புறம் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை போயிற்று, அவை நடந்த தடம் மிஞ்சியது. 1980களில் அதைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். பாரம் இழுக்கும் குதிரைக்கு மேடு ஆகாது. நமக்கு மேடு இல்லாமல் போனது அதனால்தான்.

மனிதர்கள் கட்டியது மட்டும் ஏன் உயரத்தில்? கோட்டைக்காரனுக்குக் கீழே போகும் படகு கண்ணில் பட வேண்டும், ஆனால் வெள்ளம் வாசலைத் தொடக்கூடாது. வெள்ளம் என்றால் என்ன என்று பாஸாவ் நகர மன்றத்துச் சுவர் காட்டிக்கொடுக்கும். எந்த ஆண்டு தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1501தான் உச்சம். அதற்கு அடுத்தது ஏதோ பழங்காலம் இல்லை, 2013 ஜூன், 12.89 மீட்டர். கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதே ஊரில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று நதிகள் கலக்கின்றன. பனிமலையிலிருந்து வரும் இன் வெளிறிய பச்சை, சதுப்புக் காட்டிலிருந்து வரும் இல்ஸ் கருப்பு. கலந்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு நிறம் பிரிந்தே ஓடும். இதைக் கரையில் நின்று பார்ப்பது ஒன்று, எதிரே இருக்கும் கோட்டை மேட்டில் ஏறிப் பார்ப்பது வேறு.

ஷ்லோகன் வளைவும் அப்படித்தான். கருங்கல் மலையில் முட்டி, நதி கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்பிவிடுகிற இடம். கீழே சைக்கிளில் போகிறவருக்கு வளைகிறோம் என்பதே தெரியாது, மரம், தண்ணீர், மரம், அவ்வளவுதான். சைக்கிளை ஓரமாக விட்டு அரை மணி நேரம் காட்டுப் பாதையில் ஏறினால்தான் முழு வளைவும் ஒரே பார்வையில் விழும். இ-பைக் வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு ஏற்றம் பிரச்சினையே இல்லை" என்கிறார்கள். பிரச்சினை இல்லாத அவர்களும் ஏறாமல்தான் போகிறார்கள், கவனித்திருக்கிறேன்.

லின்ஸ் பெரிய ஊர், எஃகு ஆலை, பாலம், அருங்காட்சியகம். ஒரு ராத்திரி தங்கிக் கிளம்பிவிட்டோம்.

அதைத் தாண்டி மவுட்ஹவுசன். இங்கேதான் முதல் தடவை நான் செய்த தப்பு. ஆற்றங்கரையில் வண்ணம் பூசிய வீடுகள், அழகான சின்ன ஊர். பெயரிலேயே சுங்கம் இருக்கிறது, 'மவுட்' என்றால் படகுகளிடம் வாங்கும் தீர்வை. காப்பி குடித்தோம், படம் எடுத்தோம், போய்விட்டோம். ஊருக்கு மேலே மலையில்தான் நாஜிகளின் வதைமுகாம். பெயர்ப்பலகையைப் பார்த்தோம். "மேடு, அப்புறம் பார்க்கலாம்" என்றோம். எத்தனை பேர் அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறார்கள் என்று இரண்டாம் தடவை காப்பிக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் அந்தத் திசையில் திரும்பியது ஒரே ஒரு சைக்கிள்.

1938 ஆகஸ்டில் முகாமை அங்கே அமைத்ததற்குக் காரணம் கல். வியன்னா தெருக்களுக்குக் கல் போன கருங்கல் குவாரி அது. கைதிகளை வைத்தே வெட்டினார்கள். குவாரிக்குள்ளிருந்து மேலே வர 186 படிகள், முதுகில் கல்லோடு ஏற வேண்டும். விழுந்தவர் மேல் பின்னால் வந்தவர் விழுவார். விளிம்பிலிருந்து ஆட்களைத் தள்ளிவிட்டு, அந்தப் பாறைக்குப் 'பாராசூட் வீரர் சுவர்' என்று காவலர்கள் கேலிப்பெயர் வைத்தார்கள். மவுட்ஹவுசனிலும் அதன் கிளை முகாம்களிலுமாக அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,90,000 பேர். குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை உள்ளே நுழைந்தது.

எங்களிடம் இருந்த ஒரே பூட்டு லின்ஸில் எங்கோ தொலைந்துவிட்டது. அதனால் ஒருத்தி சைக்கிளோடு வாசலில் நிற்க, மற்றவள் உள்ளே போவது என்று முறை போட்டோம். நான் முதலில் போனேன். குவாரியின் அடியில் இப்போது புல் முளைத்திருக்கிறது. நான் போன அன்று குருவிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. மதில் மேலிருந்து தெற்கே பார்த்தால் பச்சை வயல், அந்தப் பக்கம் நதி, வெயில் பட்டால் மினுக்கும். அன்றைக்கு இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்படித்தானே தெரிந்திருக்கும் என்று தோன்றியது. வெளியே வந்து தங்கையிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கும்போது பிரேக் சத்தம் மட்டும்தான்.

சைக்கிள் பயணம் சந்தோஷத்துக்குத்தானே, அங்கே ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் வரலாற்றுப் பாதை என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்த நாள் கிரைன். அங்கே நதி குறுகிப் பாறைகளுக்குள் நுழைகிறது. ஒரு காலத்தில் படகோட்டிகள் குலைநடுங்கிய சுழல்கள் அங்கே இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி அடுத்த நூற்றாண்டு வரை பாறைகளை வெடிவைத்து எடுத்தார்கள். பிறகு 1959இல் முடிந்த இப்ஸ் அணை நீர்மட்டத்தை உயர்த்தியதும் மிச்சச் சுழலும் அடங்கிப்போயிற்று. அந்த ஊரில் 1791இல் தானியக் கிடங்கின் மாடியில் அமைத்த நாடக அரங்கம் இன்னும் இருக்கிறது. சில நாற்காலிகளின் இருக்கைப் பலகையை மடக்கிப் பூட்டிவிடலாம். காசு கட்டியவரிடம் சாவி, அவர் வராவிட்டால் வேறு யாரும் உட்கார முடியாது! நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம், பூட்டு தொலைந்த கடுப்பில் இருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு.

மெல்க் மடாலயம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கும் இடம், இப்போதுள்ள மஞ்சள் மாளிகை 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. கூட்டம் அதிகம், நூலகம் மட்டும் அதற்கு ஈடு.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான் வாஹாவ் பள்ளத்தாக்கு. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிவரிசைகளில் திராட்சை, கீழே ஆப்ரிகாட் தோட்டம். இந்தப் பகுதியை ஒரே மத்தியானத்தில் கடந்துவிடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. நாங்கள் இரண்டரை நாள் எடுத்தோம். வில்லென்டார்ஃப் ஊரில் 1908இல் ரயில் பாதை போடும்போதுதான் பதினோரு சென்டிமீட்டர் உயரக் கல் பெண்சிலை கிடைத்தது, வயது கிட்டத்தட்ட முப்பதாயிரம் ஆண்டு. அசல் வியன்னா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கண்டெடுத்த இடத்தில் பெரிய நகல் ஒன்று நிற்கிறது. சைக்கிளிலிருந்து இறங்கி நூறடி ஏறினால் போதும், அதற்கும் ஆள் இல்லை.

ஸ்பிட்ஸில் அக்கரை போகும் படகில் ஏறிப்பாருங்கள். அதற்கு எஞ்சின் கிடையாது. நதிக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம், அதில் உருளையோடு படகைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி சுக்கானைத் திருப்பி படகைச் சாய்வாக நிறுத்துகிறார், நீரோட்டமே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் சேர்த்துவிடுகிறது. உருளை கிறீச்சிடுவதும் தண்ணீர் பலகையில் மோதுவதும் மட்டுமே கேட்கும். தங்கைக்குப் பிடித்துப்போய் மறுபடி இக்கரைக்கு வந்து மறுபடியும் போனோம். எட்டு நாள் வைத்துக்கொண்டால் இதெல்லாம் செய்யலாம்.

டுர்ன்ஸ்டைனில் ஏறுவது கொஞ்சம் கஷ்டம்தான். செங்குத்தான கல் பாதை, அரை மணி நேரம். மேலே இடிந்த கோட்டை. சிலுவைப்போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடித்து இங்கேதான் அடைத்தார் ஆஸ்திரியப் பிரபு லியோபோல்டு. அந்தச் சிலுவைப்போரில் பிடித்த ஆக்கர் கோட்டையில் தன் கொடி அவமதிக்கப்பட்ட கோபம் அவருக்கு. கடைசியில் மன்னருக்குக் கேட்ட பணயத்தொகை 1,50,000 மார்க் வெள்ளி. லியோபோல்டு பங்குக்கு வந்த வெள்ளி வியன்னாவின் மதில் சுவருக்குப் போயிற்று. பாடகன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடித் தேடி மன்னரைக் கண்டுபிடித்தான் என்ற கதையும் உண்டு, கதைதான். 1645இல் ஸ்வீடன் படை கோட்டையைத் தகர்த்தது. கீழே கடைத்தெருவில் நிற்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட மேலே வரவில்லை.

கிரெம்ஸுக்கு அப்புறம் நிலம் விரிந்துவிடும், எதிர்காற்று அடித்தால் சலிப்புத் தட்டும். ஆனாலும் ஸ்வென்டென்டார்ஃபைப் பார்க்காமல் விடாதீர்கள். கட்டி முடித்தும் ஒரு நாள்கூட இயங்காத அணுமின் நிலையம் அது. 1978 நவம்பர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நூலிழை. சாம்பல் நிறப் பெட்டி மாதிரி நிற்கிறது, அழகே இல்லை, எனக்கு மடாலயத்தைவிட அது பிடித்திருந்தது. கொஞ்ச தூரத்தில் டுல்ன். ரோமானியர்களின் எல்லைக் காவல் கோபுரம் ஒன்று ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. பின்னாளில் அதில் உப்பு வைத்திருந்தார்கள், இன்னும் உப்புக் கோபுரம் என்றே பெயர். மேடு ஏறாமல் பார்க்கக் கிடைக்கும் ஒரே பழைய சமாச்சாரம் என்று தங்கை சந்தோஷப்பட்டாள்.

இந்தக் கோடையில் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சைக்கிள் ஷூ வேண்டாம், மலைப் பாதையில் நடக்கிற மாதிரி அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பூட்டு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தொலைந்துவிடும்.