முதலில் தாளம், பிறகு கிதார்
கிதாரில் ப்ராக்ரெசிவ் மெட்டல் (சிக்கலான தாளங்களில் போகும் கனமான ராக் இசை) புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதல் பாட்டாக ட்ரீம் தியேட்டர் குழுவின் 'புல் மீ அண்டர்' என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஓபெத் குழுவின் 'விண்டோபேன்' (2003) எடுக்கலாம் சார். கர்ஜிக்கும் குரல் கிடையாது, நிதானமான வேகம், விரலுக்குப் பதற்றமே வராது.

அடுத்து டூல் குழுவின் 'ஸ்கிஸம்' (2001). ஆறாவது கம்பியை 'டி' (D) சுரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். முக்கிய ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு) பாஸ் கிதாருடையது. கிதாரிலும் அருமையாக வரும். ஐந்து எண்ணிக்கையும் ஏழு எண்ணிக்கையுமாக மாறிமாறி வரும் தாளம்தான் கஷ்டம். மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'தக தகிட, தகிட தகதிமி' என்று தொடையில் தட்டித் தட்டித்தான் எனக்குப் பிடிபட்டது. இரண்டு வாரம் கிதாரைத் தொடவே இல்லை!

கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒன்று: உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து, உறைக்குள் வையுங்கள்.