ஒரு வாரம் யாருக்குப் போதும்?
மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரே வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் சரி. எனக்கு மார்புத் தசைக்கு அடியில் இம்பிளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்தார்கள். முதல் 4 நாள் தலை வாரிவிடக்கூட ஆள் வேண்டியிருந்தது. மேல் அலமாரிச் சாமான்களை முன்பே இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிடுங்கள், இதை யாரும் சொல்வதில்லை. தலையை உயர்த்தி மல்லாந்து தூங்கவும் பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், புகை இரண்டையும் எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். இம்பிளான்ட் ஆயுளுக்கும் வராது என்பதை அந்தக் கட்டுரை கடைசி வரியில் தள்ளியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிலிக்கோன் ஜெல் வைத்தவர்கள் 5, 6 ஆண்டில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.