சிவப்பு என்றால் கோபம் என்று எழுதாதே

அக்கா மகள் மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு அசைன்மென்ட் வந்தது, "மாமா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று. ஒரு ராக் இசைப் பத்திரிகையின் அட்டையை எடுத்து அதன் வடிவமைப்பை அலச வேண்டுமாம். நான் லேஅவுட் செய்து பிழைக்கிறவன், விடுவேனா? காபி ஆறியதுகூடத் தெரியாமல் படித்தேன்.

மாஸ்ட்ஹெட், அதாவது பத்திரிகையின் பெயர், மேலே இருக்கிறது, பார்கோடு கீழே வலது மூலையில் இருக்கிறது, பாடகர் கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார், அதனால் வாசகரோடு நேரடித் தொடர்பு ஏற்படுகிறது, சிவப்பு நிறம் கோபத்தையும் காதலையும் குறிக்கிறது. இப்படியே நான்கு பக்கம். பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி எல்லா உறுப்புக்கும் பெயர் இருந்தது, ஆள் எப்படி நடமாடினான் என்பது மட்டும் இல்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்கிற இந்த வாய்ப்பாட்டைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தள்ளுபடி போர்டும் சிவப்புதான், அதில் யாருக்குக் கோபம்? அந்த அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்கோடுக்குப் பக்கத்தில் பாடகருடைய கிடாரின் விளிம்பு ஒரு கீற்று மட்டும் தெரிகிறது. அதே சிவப்பு. படம் முழுக்கக் கறுப்பும் சாம்பலுமாக இருந்ததால், வடிவமைத்தவர் அங்கிருந்த ஒரே நிறத்தை எடுத்து மேலே பெயருக்குப் பூசிவிட்டார், படமும் எழுத்தும் ஒட்டிக்கொண்டன. நான் அப்படித்தான் செய்வேன், தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள்.

அடுத்து, பாடகரின் தலை பத்திரிகைப் பெயரில் இரண்டு எழுத்தை மறைக்கிறது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அட்டையிலேயே முக்கியமான இடம் அதுதான். புதிதாக வந்த பத்திரிகை தன் பெயரை மறைக்கத் துணியாது. மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற தெம்பு இருப்பவர்தான் தலையை எழுத்துக்கு முன்னால் கொண்டுவருவார்.

கடை அடுக்கையும் யோசிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி பத்திரிகைகளை அடுக்கினால் பெரும்பாலும் இடது ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும், அதனால்தான் முக்கியமான பெயர்களை அந்தப் பக்கமே குவிக்கிறார்கள். 1986-இல் பிரிட்டனில் தொடங்கி 2020 வரை அச்சில் வந்த 'க்யூ' இசை இதழுக்கு முதலில் யோசித்த பெயர் இசைத்தட்டில் ஊசியை வைப்பதைக் குறிக்கிற மூன்றெழுத்துச் சொல், Cue. ஸ்னூக்கர் கோலுக்கும் அதே பெயர்தான், ஸ்னூக்கர் பத்திரிகை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் Q என்ற ஒரே எழுத்தாக்கினார்கள். இடது மேல் மூலையில் சிவப்புச் சதுரம், உள்ளே வெள்ளையில் ஒற்றை எழுத்து. எத்தனை பத்திரிகை மேலே ஏறி உட்கார்ந்தாலும் அந்த மூலை தெரிந்தது. 'கெராங்' இன்னொரு வகை, மின்கிடாரை ஓங்கி அடித்தால் வருகிற சத்தம்தான் பெயரே, எழுத்துகளும் கண்ணாடி உடைந்த மாதிரி விரிசல் விட்டிருக்கும்.

சரி, இவ்வளவு விதி பேசுகிறேனே, எல்லாவற்றையும் தூக்கிப்போட்ட அட்டை ஒன்று இருக்கிறது. அமெரிக்க இசைப் பத்திரிகை 'ரோலிங் ஸ்டோன்', 1981 ஜனவரி 22 இதழ். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் உடம்பில் துணியில்லாமல், குழந்தை மாதிரி சுருண்டு, முழு உடையில் படுத்திருக்கும் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார். புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் அந்தப் படத்தை எடுத்தது 1980 டிசம்பர் 8 அன்று. அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் பத்திரிகைப் பெயர், தேதி மாதிரியான சில்லறை எழுத்துகள் தவிர வேறெதுவும் கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு பேர் கண்ணும் நம்மைப் பார்க்கவில்லை. பாடப்புத்தகப்படி மதிப்பெண் போட்டால் ஃபெயில்தான், ஆனால் 2005-இல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம் நாற்பது ஆண்டுகளின் அட்டைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட சாவுக்குத் தலைப்பு எதற்கு? ஓரத்தில் வேறு ஏதாவது இசைக்குழுவின் பெயர் இருந்திருந்தால் எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அவளுக்கு நான் சொன்னது ஒரே ஒரு வேலை. கட்டை விரலால் அட்டையில் ஒவ்வொன்றாக மறைத்துப் பார், மறைத்ததும் எது கெட்டுப்போகிறதோ அதைப் பற்றி மட்டும் எழுது. எதுவும் கெடவில்லையா, விட்டுவிடு, பார்கோடுக்கெல்லாம் ஒரு பத்தி வேண்டாம். (பார்கோடை எங்கே ஒளிப்பது என்று நாங்கள் படுகிற பாடு தனிக் கதை.)

இரண்டு நாள் சத்தமில்லை. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வாய்ஸ் நோட்: "மாமா, அவர் கேமராவைப் பார்க்கவே இல்ல. தப்பா எழுதிட்டேன். இடது பக்கம் நடுவுல இருக்கிற எழுத்தை மறைச்சப்பதான் தெரிஞ்சுது, அந்த ஆள் அங்கதான் பார்க்கிறார். அங்க இருக்கிறது வேற பேண்டோட பேரு!"

எழுந்து போய் மறுபடி அந்தப் படத்தைத் திறந்தேன். ஆமாம், கருவிழி இரண்டும் லேசாக இடது பக்கம். கிடார் விளிம்பைக் கண்டுபிடித்தவனுக்கு அந்தக் கண் தெரியவில்லை.