ஆர்ச்சர் ஒயரை வெட்டி விருது வாங்கவில்லை

இரண்டாம் உலகப் போரில் வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஸ்டூவர்ட் ஆர்ச்சர், சரியான ஒயரை வெட்டி குண்டைச் செயலிழக்கச் செய்து விக்டோரியா கிராஸ் (போர்க்களத்தில் எதிரிக்கு எதிராகக் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருது) வாங்கினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ், 1941-ல். எதிரியோடு நேருக்கு நேர் நின்று போரிடாத இடத்தில் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருது அது. விக்டோரியா கிராஸுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

அப்புறம் அந்த ஒயர் கதை. 1940 செப்டம்பரில் வேல்ஸில் உள்ள லாண்டார்சி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. வெடிக்காத ஜெர்மன் குண்டு ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. ஆர்ச்சர் ஃபியூஸை (குண்டை வெடிக்க வைக்கும் கருவி) மட்டும் கழற்றாமல், அது பொருந்தியிருந்த குழாயையே முழுதாக வெளியே எடுத்தார். அடியில் இருந்தது சுஸ் 40. ஃபியூஸை இழுத்தால் குண்டை வெடிக்க வைக்கும் பொறி, செயலிழக்கச் செய்ய வருபவரைக் கொல்வதற்கென்றே வைத்தது. அது கைக்குச் சிதையாமல் கிடைத்ததால்தான் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் மற்ற குழுக்களுக்கு அது வேலை செய்யும் விதம் தெரிந்தது. எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்! என்னைப் பொறுத்தவரை பதக்கத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்று, அவர் தொழில்முறை ராணுவத்தினர் அல்ல, கட்டடக் கலைஞர். போருக்குப் பின் அந்தத் தொழிலுக்கே திரும்பினார். 2015-ல் நூறு வயதில் காலமானார்.